நூல்கள் பல, சாட்சி ஒன்று: இணுவில் வரலாறும் முன்னாய்வு மீளாய்வும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர்கள் தத்தம் வரலாற்றைத் தாமே எழுதிக்கொள்ளும் காலம் இது. ஊர் மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், பழைய மாணவர் சங்கச் சிறப்பிதழ்கள், மறைந்தோர் நினைவாக அச்சிடப்படும் கல்வெட்டுகள் என்று பல வடிவங்களில் இவை யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வெளிவருகின்றன. இவற்றை எழுதுவோர் பெரும்பாலும் வரலாற்றைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஊர்மேல் கொண்ட பற்றே அவர்களுடைய முதலீடு. அந்தப் பற்றை நான் மதிக்கிறேன். ஆயினும் இந்நூல்களைப் படிக்குந்தோறும் ஒரு குறை கண்ணிற் படுகிறது. முன்னோர் எழுதியவற்றை இவை தொகுக்கின்றன, ஆராய்வதில்லை.

பல்கலைக்கழக மாணவர் ஆய்வேடு எழுதும்போது, இரண்டாம் அத்தியாயமாக முன்னாய்வு மீளாய்வு என ஒன்றை எழுதுவது வழக்கம். 'இலக்கிய மீளாய்வு' என்றும் அதனைச் சொல்வர். இன்னார் இந்த ஆண்டில் இதைச் சொன்னார், அடுத்தவர் அந்த ஆண்டில் அதைச் சொன்னார் என்று பட்டியலிட்டு அத்தியாயத்தை முடித்துவிடுவோர் பலர். மீளாய்வின் வேலை அங்கேதான் தொடங்குகிறது என்பதை இணுவில் என்னும் ஓர் ஊரை வைத்தே காட்டலாம் என்று கருதுகிறேன்.

இக்கலை மேலைநாட்டிலிருந்து வந்தது என்று எண்ணுவோர் உண்டு. பெயர் வேண்டுமானால் அப்படி வந்திருக்கலாம். 13ஆம் நூற்றாண்டளவில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நூலாசிரியன் ஒருவன் முன்னைய கருத்துகளை எவ்வாறெல்லாம் எதிர்கொள்ளலாம் என்பதை எழுவகை மதம் எனப் பொதுப்பாயிரத்தில் வகுத்துவைத்தார். பிறர் கருத்தோடு உடன்படலாம்; மறுக்கலாம்; முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் களையலாம்; தன் கருத்தைத் தானே நாட்டி நிலைநிறுத்தலாம்; இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கத்தைத் துணியலாம்; பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம்; எவரோடும் சேராமல் தனிக்கொள்கை கொள்ளலாம். அதே நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில் பரபக்கம் என ஒரு பகுதியை அமைத்து, 14 சமயக் கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்த பின்னரே சுபக்கத்திற்கு வருகிறார். எதிர்த்தரப்பை முறையாகச் சொல்லிவிட்டுத் தன் தரப்பைச் சொல்வது நம் மரபுக்குப் புதிதன்று.

இனி இணுவிலுக்கு வருவோம். யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே செல்வோர் கோண்டாவிலுக்கும் சுன்னாகத்திற்கும் இடையில் இவ்வூரைக் கடந்து செல்வர். இவ்வூரின் வரலாற்றை எடுத்துச்சொல்லும் எவரும் முதலிற் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. சிங்கையாரியச் சக்கரவர்த்தி நல்லூரைத் தலைநகராக்கியபோது தமிழகத்திலிருந்து குடிகளை வரவழைத்து ஊர் ஊராக இருத்தினான். அவ்வாறு இணுவிலில் இருத்தப்பட்ட தலைவன் கோவலூரிலிருந்து வந்த பேராயிரவன் என்பதே அச்செய்தி.

இதற்கு ஆதாரம் எவ்வளவு? யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. 1879இல் கிறிஸ்தோபர் பிரிற்றோ வெளியிட்ட அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு சொல்கிறது. அதன் பிறகு வந்த சரித்திர நூல்களும் ஊர் மலர்களும் சொல்கின்றன. இத்தனை நூல்கள் ஒரே குரலிற் பேசும்போது செய்தி உறுதியானது என்றே வாசகருக்குத் தோன்றும்.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை மணி ஒலிக்கும். ஒரு செய்தி நான்கு நாளேடுகளில் வெளிவந்துவிட்டது என்பதற்காக அதற்கு நான்கு சாட்சிகள் உண்டு என்று நாங்கள் கொள்வதில்லை. நான்கும் ஒரே செய்தி நிறுவனத்திடமிருந்து பெற்றிருந்தால் சாட்சி ஒன்றுதான். நூல்களுக்கும் இதே விதி பொருந்தும். பிரிற்றோவின் நூல் வைபவமாலையின் மொழிபெயர்ப்பு. அது வேறு சாட்சி ஆகாது. பின்வந்த நூல்கள் வைபவமாலையை அடியொற்றியவை. வைபவமாலையோ, மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க 1736ஆம் ஆண்டளவில் இயற்றியது. கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றை அதன் மூலநூல்களாகச் சிறப்புப்பாயிரம் குறிப்பிடுகிறது. குடியேற்றச் செய்திக்கு அவற்றுள் முதன்மையானது முத்துராச கவிராயரின் கைலாயமாலை. ஆகவே படியேறிப் பார்த்தால், பல நூல்கள் சொன்னதாகத் தோன்றிய செய்தி நல்லூர் அரச மரபைப் போற்றிய ஒரு செய்யுள் நூலில் வந்து நிற்கிறது.

இதனால் பேராயிரவன் பொய் என்று ஆகிவிடாது. செய்யுளில் வந்தது என்பதற்காகவே ஒன்றைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதன் எடை இன்னது என்று இப்போது நமக்குத் தெரிகிறது. மீளாய்வின் முதற்பயன் இதுவே: நூல்களை எண்ணுவதை விட்டு, அவற்றின் வமிசாவளியைக் காண்பது.

இரண்டாவது பயன், ஒரு நூலை அதனோடு தொடர்பில்லாத வேறொரு சான்றோடு ஒப்பிட்டு உரசிப் பார்ப்பது. இதனை ஈழத்தில் துணிந்து செய்தவருள் முதன்மையானவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947). மானிப்பாயிற் பிறந்த இப்பன்மொழிப் புலவர், 1920இல் போர்த்துக்கேயர் கால யாழ்ப்பாண அரசரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். பெயரிலேயே விமர்சனம் இருப்பதைக் கவனிக்கவேண்டும். வைபவமாலையை அவர் தூக்கி எறியவில்லை. போர்த்துக்கேயரின் எழுத்துகளோடும் பிற சான்றுகளோடும் வைத்து நிறுத்துப் பார்த்தார்.

அந்த ஒப்பீட்டினால் தெளிவடைந்தவற்றுள் சங்கிலி மன்னன் பற்றிய செய்தி முக்கியமானது. வைபவமாலையில் வருவது ஒரே சங்கிலி. மன்னாரில் மதம் மாறியோரைக் கொன்றவனும் அவனே, போர்த்துக்கேயரிடம் அரசை இழந்தவனும் அவனே. மன்னார்ப் படுகொலை நிகழ்ந்தது 1544இல். யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619இல். இடையே 75 ஆண்டுகள். முன்னவன் 1519 முதல் 1561 வரை ஆண்ட முதலாம் சங்கிலி. பின்னவன் 1617இல் ஆட்சியைக் கைப்பற்றிய சங்கிலி குமாரன். மக்கள் நினைவு இருவரையும் ஒருவராக்கிவிட்டது. புலவர் அந்நினைவை ஏட்டில் ஏற்றினார். வைபவமாலையை மட்டும் நூறுமுறை படித்தாலும் இது புலப்பட்டிராது. தொடர்பற்ற இன்னொரு சான்று வேண்டியிருந்தது.

இதே போன்ற பெயர்க் குழப்பம் இணுவிலிலும் நேரக்கூடும். பஞ்சவன்னத்தூது பாடியவர் இணுவிற் சின்னத்தம்பிப் புலவர். கல்வளை அந்தாதி, மறைசை அந்தாதி முதலியன பாடியவர் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர். இருவரும் ஒல்லாந்தர் காலத்தோடு தொடர்புறுத்திப் பேசப்படுவோர். ஊர்ப்பெயரை விட்டுவிட்டுச் 'சின்னத்தம்பிப் புலவர்' என்று மட்டும் ஒருவர் எழுதினால், அடுத்தவர் ஒருவரின் நூலை மற்றவர் கணக்கில் சேர்த்துவிடுவார். மூன்றாமவர் அதற்கு மேற்கோள் காட்டுவார். பிறகு அது 'அறிஞர் பலரின் முடிபு' ஆகிவிடும்.

மூன்றாவது பயன், மாறுபடும் தரப்புகளை நேர்மையோடு எதிரெதிரே நிறுத்துவது. இணுவில், கொக்குவில், கோண்டாவில், மட்டுவில், மிருசுவில் என முடியும் ஊர்ப்பெயர்களை எடுத்துக்கொள்வோம். வில் என்பது நீர்நிலையைக் குறிக்கும். சிங்களத்தில் வில என்பதும் அதே பொருளுடையது. 1910களில் ஹோர்ஸ்பரோ என்னும் ஆங்கில அதிகாரி குடாநாட்டின் சிங்கள இடப்பெயர்கள் பற்றி எழுதினார், ச. வே. குமாரசுவாமி வட மாகாண இடப்பெயர்களின் வரலாற்றை 1918இல் நூலாக்கினார். இடப்பெயர்களில் சிங்களக் கூறுகளைக் கண்டவர்களுள் சுவாமி ஞானப்பிரகாசரும் ஒருவர். பிற்காலத்தில் இனப்பிரச்சினை கூர்மையடைந்தபோது, இந்தப் பழைய எழுத்துகளை ஒரு சாரார் ஆயுதமாக எடுத்தனர். மறுசாரார் அவற்றைப் பேசாமல் விட்டனர். இரண்டும் மீளாய்வு ஆகா. அவர்கள் எழுதியபோது கையிலிருந்த சான்றுகள் எவை, அதற்குப் பின் கிடைத்தவை எவை என்று கேட்பதே முறை.

பின் கிடைத்தவை பல. இணுவிலுக்கு அண்மையிலுள்ள கந்தரோடையில் 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் அகழ்ந்தனர். ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் 1980களின் தொடக்கத்தில் பெருங்கற்பண்பாட்டுப் புதைகுழிகளைக் கண்டனர். பொ. இரகுபதி 1987இல் குடாநாட்டின் ஆதிக் குடியிருப்புகள் பற்றிய தொல்லியல் ஆய்வை நூலாக வெளியிட்டார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்பகுதியில் மக்கள் நிலையாக வாழ்ந்தனர் என்பதை இவை நிறுவின. ஆகவே பேராயிரவன் வந்திருந்தாலும், மனிதர் இல்லாத நிலத்திற்கு வந்தவன் என்று கொள்ள இடமில்லை. ஓர் ஊர்ப்பெயரின் ஈற்றசையை மட்டும் கொண்டு அந்நிலம் எவருடையது என்று தீர்ப்பளிக்கவும் இடமில்லை. அருகருகே வாழ்ந்த மக்கள் சொற்களையும் பகிர்ந்துகொண்டனர்.

இவ்விடத்திற் பேராசிரியர் கா. இந்திரபாலாவை நினைவுகூர வேண்டும். இலங்கையில் திராவிடக் குடியேற்றங்கள், யாழ்ப்பாண அரசின் தொடக்கம் ஆகியவை பற்றி 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்திற்கு ஆய்வேடு அளித்தவர் அவர். 2005இல் இலங்கைத் தமிழரின் இன அடையாள உருவாக்கம் பற்றி எழுதிய நூலில், புதிய சான்றுகளின் ஒளியில் தம் பழைய நிலைப்பாட்டைத் தாமே மாற்றிக்கொண்டார். நாற்பது ஆண்டுகள் பிறர் மேற்கோள் காட்டிவந்த தம் சொந்த ஆய்வேட்டையும் மீளாய்வுக்கு உட்படுத்துவது எளிய செயலன்று. ஆயினும் இன்றும் 1965இன் முடிபை மட்டும் எடுத்துக்காட்டி, 2005ஐச் சொல்லாமல் விடுவோர் இருக்கின்றனர். அது மறதியா, வசதியா என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும்.

நான்காவதாக ஒன்றுண்டு, என் கருத்தில் அதுவே பெரிது. முன்னைய நூல்கள் எதைச் சொல்லவில்லை என்பதைக் கண்டறிவது. கைலாயமாலையும் வைபவமாலையும் தலைவர்களின் பெயரைச் சொல்கின்றன. உழுதவர், நெய்தவர், துணி வெளுத்தவர், பறை முழக்கியவர் பெயரைச் சொல்வதில்லை. ஒல்லாந்தர் 1707இல் தேசவழமையைத் தொகுத்து, தோம்புகளில் காணியையும் குடியையும் பதிந்துவந்த காலச் சூழலில் எழுந்த நூல் வைபவமாலை. எவர் முன்வந்தவர், எவர் உயர்ந்தவர் என்பது அன்று காணியோடும் மதிப்போடும் பிணைந்த கேள்வி. அந்தக் கேள்விக்கு அன்று எழுதப்பட்ட விடையையே இன்றைய ஊர் மலரும் வரி மாறாமல் அச்சிடுமானால், ஊரிற் பாதிப்பேர் மீண்டும் ஒருமுறை வரலாற்றுக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர்.

இணுவிலின் புகழைக் கடல் கடந்து கொண்டுசென்றவர் யார் என்று கேட்டால், இசையறிந்தோர் தயங்காமல் தவில் மேதை தட்சணாமூர்த்தியின் (1933–1975) பெயரைச் சொல்வர். அவரைப் போன்ற கலைஞர் குடும்பங்களின் வருகைக்கு வைபவமாலையில் இடமில்லை. 1898இல் இங்கு எழுந்த மக்லியொட் மருத்துவமனையில் பிறந்த பிள்ளைகளின் தாய்மாருக்கும் இடமில்லை. கோயிற் கணக்குகள், காணி உறுதிகள், மிஷன் அறிக்கைகள், கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்திலுள்ள தோம்புகள், முதியோர் வாய்மொழி ஆகியவற்றில்தான் இவர்களைத் தேடவேண்டும். பழைய நூல்களை முறையாக மீளாய்வு செய்பவருக்கே இந்த இடைவெளி கண்ணிற் படும்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வைபவமாலையே அன்று உலகிலிருந்து மறைந்துவிட்டது என்பது போன்ற கூற்றுகளை இணையத்திற் காண்கிறோம். அந்நூல் மறையவில்லை. அதற்கு முன்பே அது அச்சேறியிருந்தது; குல. சபாநாதனின் பதிப்பு 1949இல் வெளிவந்தது. அழிந்தவற்றின் பெறுமதியை உணர்த்த மிகைக்கூற்று தேவையில்லை. அழிவின் கணக்கையும் நாம் சரியாகவே எழுதவேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டத்தினால், இவ்விடயத்தில் வேண்டிய பல நூல்களை இன்று எந்த நாட்டிலிருந்தும் படிக்க முடிகிறது. நூல் கிடைக்கவில்லை என்ற காரணம் முன்போல இனிச் செல்லாது.

ஊர் வரலாறு எழுத முற்படும் அன்பர்களுக்கும், ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தோடு போராடும் மாணவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான். ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, அதை முதலிற் சொன்னவர் யார், அவர் எப்போது, எவருக்காக எழுதினார், அவரைப் பாராமல் அதையே சொன்ன வேறொருவர் உண்டா என்று எழுதிப் பாருங்கள். விடை இல்லாத இடத்தில் 'மரபுவழிச் செய்தி' என்று குறிப்பிடுங்கள். அதில் இழிவு எதுவும் இல்லை. பேராயிரவனை மரபுச் செய்தியாக முதற் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே அவன் காலத்திற்கு முன்னும் பின்னும் அம்மண்ணில் வாழ்ந்த ஏனையோரைத் தேடத் தொடங்கும் இணுவில் வரலாறு ஒன்று வரவேண்டும். அதனை எழுதத் தகுதியுள்ள இளைஞர் அவ்வூரிலும் அவ்வூரார் வாழும் நாடுகளிலும் இருக்கின்றனர். முதியோர் இருக்கும்போதே அவர்கள் தொடங்குவது நல்லது.