இளவரசியை இப்படியா பண்ணுவீங்க?

தமிழ் காமிக்ஸ் படிச்சு வளர்ந்த கோஷ்டிகிட்ட ‘இளவரசி’ன்னு சொன்னா, எந்த நாட்டு இளவரசின்னு யாரும் கேக்க மாட்டாங்க. மாடஸ்டி பிளைஸ்தான். சிவகாசியிலேர்ந்து லயன் காமிக்ஸ் 1984-ல ஆரம்பிச்சப்போ முதல் இதழே ‘கத்தி முனையில் மாடஸ்டி’. ஸ்பைடர், ஆர்ச்சி எல்லாம் அப்புறமா வந்து கலக்கினவங்க. கடையைத் திறந்து வெச்சது ஒரு பொம்பளைப் புள்ளைங்கிறதை நாம அடிக்கடி மறந்துடறோம்.

சரி, விஷயத்துக்கு வரேன். இந்த மாடஸ்டியை வெச்சு மூணு தடவை கேமராவைத் தூக்கினாங்க. மூணுமே ஊத்திக்கிச்சு. ஏன்னு யோசிச்சா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு.

முதல்ல இவ எங்கேர்ந்து வந்தாங்கிறது முக்கியம். எழுத்தாளர் பீட்டர் ஓ’டானல் 1942-ல பிரிட்டிஷ் ராணுவத்துல, வடக்கு ஈரான்ல இருந்தார். ஒரு நாள் அவங்க முகாம் பக்கமா ஒரு அகதிச் சிறுமி தன்னந்தனியா நடந்து வந்தா. பன்னெண்டு வயசு இருக்கலாம். கழுத்துல ஒரு ஆயுதம் தொங்குது. என்னன்னு பார்த்தா, ஆணி வெச்சுக் கம்பியால கட்டின ஒரு மரத்துண்டு. சிப்பாய்கள் சாப்பாடு குடுத்தாங்க. சாப்பிட்டா, சிரிச்சா, நடந்து போயிட்டா. அவ்வளவுதான். இருபது வருஷம் கழிச்சு ஒரு நாயகி வேணும்னு உக்காந்தப்போ, அந்தப் பொண்ணு வளர்ந்தா எப்படி இருப்பாங்கிற கேள்வியிலேர்ந்துதான் மாடஸ்டி பிறந்தா. 1963 மே 13-ம் தேதி லண்டன் ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்’ பத்திரிகையில தொடர் ஆரம்பம். ஓவியம் ஜிம் ஹோல்டவே. அவர் 1970-ல காலமானதும் ஸ்பெயின்காரர் ரொமேரோ வந்தார். நடுவுல வேற சிலர் வரைஞ்சாலும் கதை மட்டும் கடைசி வரைக்கும் ஓ’டானல்தான். 2001 ஏப்ரல்ல முடியறப்போ பத்தாயிரத்துக்கும் மேல துண்டுப்படங்கள். ஒரே ஆள் 38 வருஷம்!

இப்போ படங்களுக்கு வருவோம்.

ஒண்ணு, 1966. டைரக்டர் ஜோசப் லோசி, பெரிய ஆளு. மாடஸ்டியா மோனிகா விட்டி, கார்வினா டெரன்ஸ் ஸ்டாம்ப். கேன்ஸ் வரைக்கும் போன படம். ஓ’டானல்தான் திரைக்கதை எழுதினார். ஆளாளுக்கு அதைத் திருத்தி, கடைசியில தான் எழுதினதுல ஒரே ஒரு வசனம்தான் மிச்சம்னு அவரே புலம்பினார். படத்துல மாடஸ்டி டிரஸ் மாத்திக்கிட்டே இருக்கா. வில்லன் வெள்ளை விக்கும் குடையுமா வரான். எல்லாமே கிண்டல். அதைக்கூடப் பொறுத்துக்கலாம். மாடஸ்டியும் கார்வினும் ஜோடி போட்டு டூயட் பாடறாங்கய்யா! அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. ஒரே ஆறுதல், படமாகாத அந்தத் திரைக்கதையை அவர் நாவலா எழுதி 1965-லயே வெளியிட்டார். அது ஹிட். அதுக்கப்புறம் நாவல் வரிசையே வந்துச்சு.

ரெண்டாவது, 1982-ல அமெரிக்க டிவிக்காக ஒரு வெள்ளோட்டப் படம். ஆன் டர்க்கல் மாடஸ்டியா நடிச்சாங்க. கதைக்களத்தை லண்டன்லேர்ந்து ஹாலிவுட்டுக்கு மாத்திட்டாங்க. தொடரா வரவே இல்லை.

மூணாவதுதான் என்னைப் போன்றவர்கள் ரொம்ப எதிர்பார்த்தது. 1994-ல வந்த ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ல ஜான் டிரவோல்டா கையில இருக்குற புத்தகத்தைக் கவனிச்சிருக்கீங்களா? மாடஸ்டி நாவல்! டாரன்டினோ நம்மாளு, அவர் எடுத்தா சும்மா அதிரும்னு காத்திருந்தோம். வந்தது 2003-ல, ‘மை நேம் இஸ் மாடஸ்டி’. டாரன்டினோ வழங்கும்னு பேரு மட்டும்தான். டைரக்‌ஷன் ஸ்காட் ஸ்பீகல். கையில இருந்த உரிமை காலாவதி ஆகிடக்கூடாதுன்னு ருமேனியாவுல பதினெட்டே நாள்ல சுருட்டின படம். நேரா டிவிடிக்குப் போயிடுச்சு. நாயகி அலெக்ஸாண்ட்ரா ஸ்டேடனைக் குறை சொல்ல மாட்டேன், பொண்ணு நல்லாவே நடிச்சிருந்தா. ஆனா படம் முழுக்க சூதாட்ட விடுதிக்குள்ளேயே சுத்துது. சின்ன வயசுக் கதையை வில்லன்கிட்ட உக்காந்து சொல்லிக்கிட்டு இருக்கா. கார்வின்? ஆளே இல்லை!

கார்வின் இல்லாத மாடஸ்டி என்னங்க மாடஸ்டி? அவளை ‘இளவரசி’ன்னு கூப்பிடறதே அவன்தானே. இந்த ரெண்டு பேர் உறவுதான் மொத்தத் தொடருக்கும் உயிர். ஒருத்தருக்காக ஒருத்தர் உசுரைக் குடுப்பாங்க. ஆனா காதல் கிடையாது, கல்யாணம் கிடையாது, படுக்கை கிடையாது. தலைவி அவதான், அதுல அவனுக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஆணும் பெண்ணும் நண்பர்களா இருந்தா கடைசி ரீலுக்குள்ள காதலிச்சே ஆகணும்னு நம்மூர் சினிமா சொல்லிக்கிட்டிருந்த காலத்துல, பத்து வயசுப் பையனா நான் இதைத்தான் படிச்சேன். அப்போ அது பெரிசா தெரியலை. கூட வேலை பார்க்குற பெண்களைச் சக மனுஷியா மட்டும் பார்க்க எனக்கு எங்கேர்ந்து பழக்கம் வந்ததுன்னு யோசிச்சா, இந்த நியூஸ்பிரிண்ட் புத்தகங்களுக்கும் அதுல ஒரு பங்கு உண்டுன்னுதான் தோணுது. 1966 படம் இந்த நட்பைக் காதலாக்கிக் கெடுத்துச்சு. 2003 படம் நட்பையே தூக்கிட்டுச்சு. ரெண்டு பேருக்கும் வேண்டியது மாடஸ்டிங்கிற பேருதான், ஆணி வெச்ச மரத்துண்டோட நடந்து வந்த அந்தப் பொண்ணு இல்லை.

ஓ’டானலுக்கு இது தெரிஞ்சிருக்கணும். 1996-ல ‘கோப்ரா டிராப்’ தொகுப்போட கடைசிக் கதையில ரெண்டு பேர் முடிவையும் தானே எழுதிட்டார். தனக்கப்புறம் வேற யாரும் புதுக் கதை எழுதக் கூடாதுன்னும் சொல்லிட்டார். 2010-ல அவர் போனார். 2024-ல ரொமேரோவும் போயிட்டார்.

‘கெட்டிக்கார எழுத்தாளர் கிடைச்சா புதுசா எழுதலாமே, ஹோம்ஸுக்கு எழுதலையா’ன்னு சில நண்பர்கள் கேக்கறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா மாடஸ்டிக்குக் கதை பஞ்சம் இல்லையே! படைச்சவரே ஆரம்பமும் வெச்சு முடிவும் வெச்சுட்டுப் போயிருக்கார். புதுசா எடுக்கணும்னு அடம் பிடிக்கிறவங்க கார்வினோட ஆரம்பிக்கட்டும், டூயட் இல்லாம. அதுவரைக்கும் பழைய லயன் இதழ்களே எனக்குப் போதும்.

டிஸ்கி: 1966 படத்தை ரசிச்சவங்க யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல வந்து சண்டை போடலாம். ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க :-)