கொடை மேடையிலிருந்து ஒலிப்பதிவு அறைக்கு

தாமிரபரணிக் கரையில் வளர்ந்த கலைகள் பலவும் திறந்தவெளிக்கென்றே பிறந்தவை. சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுப் புலவரின் குரல் நடுச்சாமத்திலும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். தேரோட்டத்தில் நாகஸ்வரம் ரதவீதி முழுக்க ஒலிக்க வேண்டும். அந்தக் குரல்களும் கருவிகளும் மைக்குக்குப் பழகிய கதை, பாட்காஸ்ட் தொடங்க இன்று மைக் தேடும் நெல்லை இளைஞருக்கும் உதவும்.

வில்லுப்பாட்டில் குடம் வாசிப்பவரைக் கவனித்தால் போதும். மட்டையால் குடத்தின் வாயில் தட்டும்போது ஒலியோடு காற்றும் புறப்படுகிறது. எதிரே மைக் இருந்தால் அந்தக் காற்று உள்ளிருக்கும் மெல்லிய தகட்டில் மோதி, குழாய் ஒலிபெருக்கியில் ‘பொத்’தென்று வெடிக்கும். மைக்கைக் கொஞ்சம் ஒதுக்கிப் பக்கவாட்டில் வைத்தால் ஒலி வரும், காற்று விலகிப்போகும். ‘ப’ சொல்லும் வாயிலும் இதுவே நடக்கிறது. மூடிய உதடுகள் திறந்ததும் காற்று பாய்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் நடுவே நிற்கும் பாப் ஃபில்டரின் வலை அந்த வீச்சைச் சிதறடித்து, ஒலியை மட்டும் ஏறக்குறைய அப்படியே விடுகிறது. வளையத்தில் இழுத்துக் கட்டிய நைலான் துணியே இதற்குப் போதும்.

சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் இந்த வில்லுப்பாட்டை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நாகஸ்வரத்தின் சிக்கல் வேறு. அதன் ஓசை அறைக்குள் அடங்காது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, உச்ச ஸ்ருதியில் ஒலிக்கும் திமிரி நாயனத்துக்குப் பதிலாக நீளமும் கனமும் கூடிய பாரி நாயனத்தைப் பரவலாக்கினார். அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம், சேரன்மகாதேவியை அடுத்த காருகுறிச்சிக்காரர். ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த ‘சிங்கார வேலனே’ பாடலுக்கு இசையமைத்த எஸ்.எம். சுப்பையா நாயுடுவும் இதே வட்டாரத்தில், கடையநல்லூரில் பிறந்தவர். ஒரே மைக்கின் முன் பாடகியையும் நாகஸ்வரக் கலைஞரையும் சம தூரத்தில் நிறுத்தினால் குரல் மூழ்கிப்போகும். குரலையும் நாகஸ்வரத்தையும் தனித்தனியே பதிந்து இணைத்தார்கள் என்று திரையிசை அன்பர்கள் இன்றும் சொல்வதுண்டு. கேட்பவருக்கோ இருவரும் எதிரெதிரே அமர்ந்திருப்பதாகவே தோன்றும்.

1963 டிசம்பர் 1இல் திருநெல்வேலியில் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது. அதுவரை வானொலியில் பாட நினைத்த உள்ளூர்க் கலைஞர்கள், 1939இல் தொடங்கிய திருச்சி போன்ற வெளியூர் நிலையங்களை நம்பியிருந்தார்கள். ஒலி எதிரொலிக்காத சுவர்கள், கனத்த கதவுகள், மேஜையில் ஒரு மைக் என்று வானொலி அறை வேறோர் உலகம். மைதானத்தில் முழங்கிப் பழகியவர், எதிரில் இருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோலக் குரலைத் தணிக்க வேண்டியிருந்தது. தாளைத் திருப்பும் சரசரப்பும் ஒலிபரப்பில் ஏறிவிடும்.

உலகச் சந்தையும் இதே சிக்கல்களுக்குத்தான் விடை தேடியது. ஷூர் நிறுவனம் 1966இல் கொண்டுவந்த எஸ்எம்58 மைக்கின் உருண்டைக் கம்பிவலைக்குள்ளேயே காற்றுத் தடுப்பு இருந்தது. மேடைப் பாடகர்கள் கையில் அது உலகம் முழுக்கப் போனது. 1973இல் வந்த எஸ்எம்7 வகையின் வாரிசான எஸ்எம்7பி இன்றைய பாட்காஸ்ட் அறைகளில் பெரிதும் விரும்பப்படுகிறது. இரண்டுமே டைனமிக் வகை. கண்டென்சர் என்ற இன்னொரு வகை மைக் நுண்ணிய ஒலியையும் பிடிக்கும். கூடவே மின்விசிறியின் இரைச்சலையும் தெருவில் போகும் பேருந்தின் ஹாரனையும் சேர்த்துப் பிடிக்கும்.

பாளையங்கோட்டையில் சாலையோர வீட்டின் முன்னறையில் பதிவு செய்பவர் முதலில் டைனமிக் மைக்கையே வாங்கலாம். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைத்து, சற்றே சாய்த்து, இடையில் பாப் ஃபில்டரை நிறுத்திப் பேச வேண்டும். குரல் கணீரென்று விழுவதற்கு விலை உயர்ந்த மைக்கைவிட அந்தத் தூரமும் சாய்வும் முக்கியம்.