தக்கையும் இரப்பரும்: எஞ்சின் எண்ணெய்க் கசிவை அடைத்த கதை

பழைய அம்பாசிடர் கார் ஒரு வீட்டில் இருக்கிறதா என்பதை அறியக் காரைப் பார்க்க வேண்டியதில்லை. வாசலைப் பார்த்தால் போதும். கார் நிற்கும் இடத்தில் தரை கறுத்திருக்கும். என் தந்தையார் விட்டுச் சென்ற காரும் அப்படித்தான். ஒரு நாள் பானெட்டைத் திறந்து பார்த்தேன். எஞ்சினின் மேலே கவிழ்த்துவைத்த தகரப் பெட்டி போன்ற மூடியின் விளிம்பிலிருந்து எண்ணெய் கசிந்து, புகைபோக்கி மேனிஃபோல்டின் மேல் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. அந்த மேனிஃபோல்டு நெருப்பாய்க் கொதிப்பது. பக்கத்திலேயே கார்புரேட்டர். விளையாட்டான செய்தி அல்ல.

அந்த மூடியை நூல்கள் ராக்கர் கவர் என்னும்; நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு அது டேப்பட் கவர். அதற்கும் அடியிலுள்ள வார்ப்பிரும்புக்கும் நடுவே இருப்பது ‘பேக்கிங்’. மூடியைப் பிடித்திருப்பவை இரண்டே நட்டுகள். கசிகிறதே என்று இரண்டையும் இறுக்கினேன். கசிவு கூடிற்று. மேலும் இறுக்கினேன். இன்னும் கூடிற்று. மறுநாள் வந்த வயதான மெக்கானிக் மூடியைக் கழற்றி, அதன் விளிம்பைச் சிமெண்டுத் தரைமேல் வைத்துக் காட்டினார். நடுப்பகுதி தரையைத் தொடாமல் வளைந்து நின்றது. “முறுக்கினாத்தான் நிக்கும்னா நட்டே போதுமே சார், பேக்கிங் எதுக்கு?” என்று கேட்டார்.

பதினோரு ஆண்டுகளாகக் கல்லூரியில் மீள்தன்மை நடத்தும் எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்றது. நீங்களும் ஒரு கணம் சிந்தித்துப் பாருங்கள். இரண்டு உலோகப் பரப்புகள் எவ்வளவு வழவழப்பாகத் தோன்றினாலும், நுண்ணளவில் அவை மேடும் பள்ளமுமே. மேடுகள் மட்டும் ஒன்றையொன்று தொடும். பள்ளங்கள் வழியே எண்ணெய் வெளியேறும். ஆகவே நடுவே மென்மையான ஒரு பொருள் வேண்டும். அது அழுத்தினால் அமுங்கிப் பள்ளங்களை நிரப்ப வேண்டும். அமுங்கிய பின்னும், சுருள்வில்லைப் போல, இருபுறமும் எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சின் சூடாகி விரியும்போதும் குளிர்ந்து சுருங்கும்போதும் இடைவெளி மாறுமல்லவா? அந்த மாற்றத்தை அது விடாமல் பின்தொடர வேண்டும். கசிவை நிறுத்துவது நட்டு அன்று. பேக்கிங் திருப்பித் தள்ளும் விசையே. இத்தகைய பொருளைத் தேடியதுதான் இந்தக் கதை.

கதை நீராவி எஞ்சினோடு தொடங்குகிறது. ஜேம்ஸ் வாட் 1769-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் சரியான வட்டமாக உருளை கடைந்து தருவார் எவருமில்லை. பிஸ்டனுக்கும் உருளைக்கும் நடுவே தக்கை, எண்ணெய் தோய்த்த கந்தல், சணல் நார், பழந்தொப்பி, காகிதம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் திணித்துப் பார்த்தார். நீராவி தப்பிக்கொண்டே இருந்தது. பீரங்கிக் குழல் துளைக்கப் புதிய எந்திரம் அமைத்த ஜான் வில்கின்சன், பிறகு அவருக்கு உருளை கடைந்து கொடுத்தார். ஐம்பது அங்குல விட்டத்தில் பிழை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூட இல்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் 1776-இல் மகிழ்ந்தார். ஒரு நாணயக் கனத்துக்குள் பிழை இருந்ததே அந்நாளில் கொண்டாட்டம்! எஞ்சிய இடைவெளியைப் பேக்கிங்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மோட்டார் காரின் தொடக்க நாள்களில் டேப்பட் கவருக்குத் தேவையே எழவில்லை. பல எஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் உறுப்புகள் திறந்தே கிடந்தன. 1908-இல் வந்த ஃபோர்டு ‘மாடல் டி’ காரின் முதல் எஞ்சின்களிலும் வால்வுத் தண்டுகள் வெளியே தெரிந்தன. இத்தகைய எஞ்சின்களில் தூசி படியும். உறுப்புகள் விரைவில் தேயும். உறுப்புகளை மூடி, உள்ளேயே எண்ணெயைச் சுற்றிவரச் செய்த பின்புதான் கசிவு என்ற தொல்லை பிறந்தது. மூடியோ மெல்லிய தகடு. அதன் கீழே எண்ணெய் தெறிக்கிறதே தவிரப் பெரிய அழுத்தம் ஏதும் இல்லை. எனவே மிருதுவான, மலிவான ஒரு பொருள் போதுமென்று பொறியாளர்கள் கருதினர். அப்படி வந்து சேர்ந்தது தக்கை.

தக்கை என்பது போர்ச்சுகல், ஸ்பெயின் நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. 1665-இல் இராபர்ட் ஹூக் அதன் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் கண்டு, அதிலிருந்த குட்டி அறைகளுக்கு ‘செல்’ என்று பெயரிட்டார். ஒரு கன அங்குலத்தில் 120 கோடிக்கு மேல் அறைகள் இருக்கும் என்றும் கணக்கிட்டார். உயிரியல் மாணவர் அனைவரும் அறிந்த செய்திதான். 1678-இல் சுருள்வில்லின் விதியை வெளியிட்டவரும் அதே ஹூக்தான்! காற்று அடைபட்ட அந்த அறைகளே தக்கையைச் சுருள்வில்லாக ஆக்குகின்றன. இன்னொரு சிறப்பும் உண்டு. இரப்பரை மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும். தக்கை அநேகமாகப் பிதுங்குவதில்லை. அதன் பாய்சான் விகிதம் சுழிக்கு மிக அருகில் உள்ளது. வில்லியம் பெயிண்டர் 1892-இல் காப்புரிமை பெற்ற சோடா பாட்டில் மூடியின் உள்ளேயும் தக்கை வில்லையே இருந்தது. அம்பாசிடரின் 1489 கன செ.மீ. எஞ்சினில் டேப்பட் கவருக்கு அடியில் இருந்ததும் தக்கைதான்.

ஆனால் சூடும் எண்ணெயும் சில ஆண்டுகள் பட்டால் தக்கை இறுகிவிடும். அமுங்கியது அமுங்கியபடியே நின்றுவிடும், திருப்பித் தள்ளாது. நான் இறுக்கியபோது, உயிரற்ற தக்கைமேல் என் பலத்தைக் காட்டியிருக்கிறேன். அது தள்ளவில்லை, தகடு வளைந்தது.

‘இரப்பர் இருக்கிறதே, அதை வைத்தால் என்ன?’ என்பீர்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். இரப்பர் வளையம் ஒன்றை ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயில் இரவு முழுதும் போட்டு வையுங்கள். அடுப்புக்கு அருகில் வேண்டாம். காலையில் அது பருத்து, இழுத்தால் அறுந்துபோகும். சார்லஸ் குட்இயர் 1839-இல் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இரப்பரை உறுதியாக்கினார். எண்ணெயில் ஊறும் குணத்தை அவராலும் மாற்ற இயலவில்லை. இரப்பரும் எண்ணெயும் ஹைட்ரோகார்பன்கள், ஒரே இனம். ஒன்று மற்றொன்றின் உள்ளே எளிதாகப் புகுந்துவிடும்.

விடை வேதியியலிலிருந்து வந்தது. அமெரிக்காவில் நோட்டர் டாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நியூலாண்ட் என்னும் பாதிரியாரின் அசிட்டிலீன் ஆய்வைத் தொடர்ந்து, டூபாண்ட் நிறுவனத்தில் கரோதர்ஸின் குழுவினர் 1930-இல் குளோரின் அணு கொண்ட செயற்கை இரப்பரை ஆக்கினர். இன்று அதன் பெயர் நியோப்ரீன். அதே பத்தாண்டில் ஜெர்மானியர்கள் பியூட்டாடையீனையும் அக்ரிலோநைட்ரைலையும் இணைத்து நைட்ரைல் இரப்பரைச் செய்தனர். இதன் மூலக்கூறில் கரியும் நைட்ரஜனும் சேர்ந்த தொகுதிகள் மின்முனைவு உடையவை. எண்ணெய்க்கு அவை அந்நியர். எனவே எண்ணெய் உள்ளே நுழைவது அரிதாயிற்று. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன், ஓ-வளையத்துக்கு 1939-இல் காப்புரிமை பெற்றார். இன்று கார் எஞ்சின்களில் வார்த்தெடுத்த இரப்பர் பேக்கிங் மூடியின் பள்ளத்தில் அமர்கிறது. பல எஞ்சின்களில் போல்ட்டே ஓர் எல்லைக்குமேல் இறங்காது. என்னைப் போன்றவர்களுக்காகவே செய்த ஏற்பாடு!

திருப்பித் தள்ளும் அந்தச் சிறு விசையின் மதிப்பை உலகம் கொடிய முறையில் அறிந்தது. 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்ணோடம் புறப்பட்டபோது காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ். பக்கவாட்டு ராக்கெட்டின் மூட்டை அடைத்திருந்தவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் பருமனுள்ள இரப்பர் வளையங்கள். எரிவாயு அழுத்தத்தில் மூட்டு சற்றே விரிந்தபோது, குளிரில் விறைத்த வளையம் உடனே பின்தொடரவில்லை. 73 விநாடிகளில் ஓடம் சிதைந்தது; எழுவர் மாண்டனர். குளிரில் செலுத்த வேண்டாமென்று பொறியாளர்கள் முந்தின இரவே எச்சரித்திருந்தனர். விசாரணைக் குழுவிலிருந்த இயற்பியலறிஞர் ஃபைன்மன், பிப்ரவரி 11 அன்று அந்த இரப்பரில் ஒரு துண்டைக் கவ்வியால் நெருக்கிப் பனிக்கட்டி நீரில் இட்டு, பின் எடுத்துத் தளர்த்திக் காட்டினார். சில விநாடிகள் அது பழைய வடிவுக்குத் திரும்பவில்லை. சூட்டில் தக்கைக்கு என் வீட்டு வாசலில் நேர்ந்தது, அங்கே குளிரில் இரப்பருக்கு நேர்ந்திருந்தது.

இனி உங்கள் வீட்டுக் காருக்கு வருவோம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தொடங்குங்கள். முதலில் மூச்சுக் குழாய் அடைத்துள்ளதா என்று பாருங்கள். அது அடைத்தால் உள்ளே வாயு சேர்ந்து, எந்தப் பேக்கிங்கையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும். மூடியைக் கழற்றிப் பழைய தக்கையை முழுதும் சுரண்டி எடுங்கள். தூள் எஞ்சினுக்குள் விழாதபடி துணியை அடைத்துக்கொள்ளுங்கள், பின்பு அதை மறவாமல் எடுத்துவிடுங்கள். விளிம்பு வளைந்திருந்தால் மரக்கட்டையை வைத்துத் தட்டி நேராக்குங்கள். கடையில் நாள்பட்டுக் காய்ந்து சுருங்கிய தக்கைப் பேக்கிங்கைச் சிறிது நேரம் நீரில் ஊறப்போட்டால் பழைய அளவுக்கு வரும். நட்டுகளின் கீழுள்ள இரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். சிலிகோன் பசையைத் தாராளமாக அப்புவது எனக்கு உடன்பாடில்லை. பிதுங்கிய துணுக்குகள் உள்ளே விழுந்தால் எண்ணெய் வடிகட்டியை அடைத்துவிடும். இறுக்கும் அளவு நான்கு பவுண்டு-அடியே. ஓரடி நீள ஸ்பேனரின் நுனியில் இரண்டு கிலோவுக்கும் குறைவான எடையைத் தொங்கவிட்டது போல. இரண்டு விரல்களின் வேலை.

மாற்றி எட்டு மாதமாகிறது. காரின் அடியில் அட்டையை விரித்துவைத்து அவ்வப்போது பார்க்கிறேன். கழற்றிய தக்கையில் ஒரு சீவலை எங்கள் தாவரவியல் துறை நுண்ணோக்கியில் வைத்து மாணவர்களுக்குக் காட்டினேன். புதிய தக்கையின் சீவலில் ஹூக் வரைந்த அறைகள் தெளிவாகத் தெரிந்தன. பழையதில் கறுத்துக் கசங்கிய கோடுகளே இருந்தன.