தரங்கம்பாடியின் நகர வாயில்

சோழவள நாட்டின் கடற்கரையில் தரங்கம்பாடி என்னும் சிற்றூர் உளது. மேற்கிலிருந்து ஊருள் புகுவோரை முதற்கண் எதிர்கொள்வது வெண்சுதை தீட்டிய ஒரு வளைவு வாயில். அதன் நெற்றியில் டென்மார்க்கு மன்னர் ஏழாம் கிறிஸ்டியனின் முடியும் பெயர்க்குறியும் 1792 என்னும் ஆண்டும் பொலிகின்றன. அப்பால் ராஜ வீதி. வணிகர் மாளிகைகள் நிறைந்திருந்த அவ்வீதி கடலை நோக்கிச் செல்கின்றது.

சாசனம் இவ்வூரைச் சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம் எனக் குறிக்கும். அச்சாசனத்தைத் தாங்கிக் கடலோரத்தில் நிற்பது மாசிலாமணிநாதர் திருக்கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. ஆகவே வாயிலினும் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு மூத்தது.

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனியருக்கு இங்கு இடமளித்தார். அவர் டேனிய அரசருக்குப் பொன்னேட்டில் விடுத்த தமிழ்த் திருமுகம் இன்றும் டென்மார்க்கில் பேணப்படுகின்றது. ஓவ கெட்டே கட்டிய டான்ஸ்போர்க் கோட்டைக்கு விரைவில் சோதனைக் காலம் வந்தது. தாய்நாட்டுக் கப்பல்கள் வாராது நின்றன. 1655 முதல் கோங்ஸ்பாக் என்னும் டேனியர் ஒருவரே எஞ்சி நின்று, 1669-இல் மீண்டும் கப்பல் வரும்வரை கோட்டையைக் காத்தார். ஊரைச் சூழ மதில் எழுந்தது அவர் காலத்தில்தான். 1699-இல் தஞ்சைப் படை முற்றுகையிட்டபோது அம்மதில் பயன்பட்டது.

1706-இல் வந்திறங்கிய சீகன்பால்குவை இங்கு நினையாதிருத்தல் இயலாது. சமயம் பரப்ப வந்தவர் அவர்; எனினும் தமிழ் கற்று, நம்மவரிடம் கேட்டறிந்து, தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் பெருநூலொன்று எழுதினார். அவரை அனுப்பியோர் அதனை அச்சிட விரும்பவில்லை. சென்னையில் அது அச்சேறியது 1867-இல்! நம் வழிபாட்டைப் பொறுமையுடன் கேட்டெழுதிய அயலார் அக்காலத்தில் மிகச் சிலரே. அவ்வகையில் அவர் நம் நன்றிக்கு உரியவர்.

1845-இல் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்குத் தரங்கம்பாடியும் சீராம்பூரும் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. நாகப்பட்டினம் ஓங்க, இத்துறையில் வாணிகம் ஒடுங்கியது. மதிலின் பெரும்பகுதி மறைந்தது, வாயில் நின்றது.

தரைவழியை நோக்கி மேற்கில் இவ்வாயிலை அமைத்தனர். கடலோ கிழக்கிலிருந்து வந்தது. அப்பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதிகளை அலை சிறிது சிறிதாகக் கவர்ந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையும் இக்கரையைத் தாக்கியது. எஞ்சிய கருங்கற் சுவர்களில் குலசேகரன் காலத்து எழுத்துகள் உள்ளன. ராஜ வீதி வழியே வருவோர், டேனிய முடியின் கீழ்ப் புகுந்தே பாண்டியன் எடுப்பித்த சிவாலயத்தை அடைகின்றனர்.