கவண்கல்லை இழுப்பது யார்?

தில்லியில் பஸ் ஏறிய தமிழருக்குக் கோல் சக்கரை விளக்க வேண்டியதில்லை. வண்டி வேகமாகச் சுற்றி வளையும்போது வெளிப்பக்கம் சாய்ந்து பக்கத்து ஆள் மேல் விழுகிறோம். "என்னவோ புடிச்சுத் தள்ளுதுங்க" என்போம். தள்ளியது யார்? 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்களையே திணறடித்த கேள்வி இது.

வானத்துப் பொருள்கள் வட்டமாகச் சுற்றுவது அவற்றின் இயல்பு, காரணம் தேட வேண்டாம் என்பது அரிஸ்டாட்டில் வழிவந்த எண்ணம். 1644-இல் டெக்கார்ட் கவணில் சுழலும் கல்லை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். தினைப்புனத்தில் கிளி விரட்டிய நம் குறிஞ்சிப் பெண்களின் அதே கருவிதான்! பிடியை விட்டால் கல் வட்டத்தின் தொடுகோட்டில் நேராகப் பறக்கும் என்றார் அவர். ஆனாலும் கல் மையத்தை விட்டு விலக முயல்கிறது என்ற எண்ணம் அவரை விடவில்லை.

அந்த முயற்சிக்கு மையவிலக்கு விசை என்று பேர் வைத்து, 1659-இல் அளவும் கண்டவர் ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 1673-இல் தம் கடிகார நூலின் கடைசியில் நிரூபணம் இல்லாமல் 13 தேற்றங்களாக இதைத் தந்தார். நிரூபணம் அச்சேறியது 1703-இல், அவர் மறைந்து எட்டு ஆண்டு கழித்து.

இளம் நியூட்டனும் வெளிநோக்கியே சிந்தித்தார். 1679-இல் ஹூக் எழுதிய கடிதம் பார்வையைத் திருப்பியது: நேர்கோட்டு ஓட்டமும் மையத்தை நோக்கிய இழுப்பும் சேர்ந்ததே கோள்களின் பாதை. ஹூக்குக்கு உரிய மரியாதையை நியூட்டன் தரவில்லை என்பது என் கட்சி. அது கிடக்கட்டும். 1684-இல் நியூட்டன், ஹைகன்ஸின் சொல்லைத் திருப்பிப் போட்டு 'மையநோக்கு விசை' என்றார். அளவு அதேதான்; திசைதான் புரண்டது. கணக்கைவிட இந்தப் புரட்டல்தான் பெரிசு.

ஆசிரியராக இருந்தபோது நானும் சில வருஷம் கரும்பலகையில் அம்பை வெளியே பார்த்துத்தான் போட்டேன். "வெளியே இழுத்தா கல்லு ஏன் சார் பக்கவாட்டிலே பறக்குது?" என்று ஒரு பையன் கேட்டான். அன்று வாயடைத்துப் போனேன். பஸ்ஸிலும் நம்மை யாரும் தள்ளவில்லை. உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது. பஸ்தான் உள்ளே வளைகிறது. பஸ்ஸோடு சுற்றுகிறவர் கணக்கு வசதிக்காக ஒரு வெளிவிசையை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

இன்னொரு சிக்கல்: ஓயாமல் இழுக்கிறோமே, அந்த ஆற்றல் எங்கே போகிறது? வழவழப்பான மேசைமேல் 100 கிராம் குண்டு, 1 மீட்டர் கயிற்றில், வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் சுற்றட்டும். இழுப்பு 2.5 நியூட்டன். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 1686-இல் லைப்னிட்ஸ் இயக்கத்தின் வலிமையை அளந்தார். இங்கே அதுவும் 2.5. அதில் பாதிதான், அதாவது 1.25 ஜூல்தான், இன்று நாம் சொல்லும் இயக்க ஆற்றல். அந்தப் பாதியைச் சேர்த்து, விசையின் திசையில் நகர்ந்த தூரத்தைக் கொண்டு 'வேலை' என்பதை வரையறுத்தவர் கொரியோலிஸ், 1829-இல். குண்டோ கயிற்றுக்குச் செங்குத்தாகவே நகர்கிறது. மையத்தை நோக்கி ஒரு நூலிழைகூட நெருங்குவதில்லை. ஆகவே கயிறு செய்யும் வேலை சுழியம்.

அப்படியானால் கவண் சுற்றினால் கை ஏன் களைத்துப்போகிறது? கை மையத்தில் சும்மா நிற்பதில்லை. கல்லுக்குச் சற்று முந்திச் சென்று, கயிற்றைச் சாய்வாக இழுத்து வேகம் கூட்டுகிறது. காற்று தின்னும் ஆற்றலையும் அதுவே ஈடுகட்டுகிறது.