இலையும் ஈரமும்: கண்டி மலையின் சேமிப்பு வரலாறு

சந்தையில் வாங்கின கறிவேப்பிலையை ஈரத்தோடு பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாளிலேயே கறுத்துப்போகும். ஈரத்தைத் துடைத்து, தாளில் சுற்றி வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். காயவைப்பதென்றால் நிழலில்தான் காயவைக்கணும். இலையின் வாசம் அதிலிருக்கும் எண்ணெயில் இருக்கிறது, சூட்டில் அது பறந்துவிடும். காய்ந்ததைக் காற்றும் வெளிச்சமும் புகாத பேணியில் போட்டு வைக்கணும்.

இதெல்லாம் குசினிச் சமாச்சாரம் என்று விட்டுவிடாதீங்க. கண்டி மலைநாட்டின் பொருளாதாரமே ஓர் இலையைக் காயவைத்துக் கெடாமல் வைத்திருப்பதில்தான் எழுந்து நின்றது. தேயிலையும் இலைதானே?

பேராதனைப் பூங்காவுக்குத் தேயிலைச் செடி 1824இலேயே வந்துவிட்டது. ஆனால் அப்போது மலையெல்லாம் கோப்பி. 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தென்பட்டது. அது பரவப் பரவ, மற்றத் தோட்டங்களும் தேயிலைக்கு மாறின. டெய்லரின் முதல் 'தொழிற்சாலை' அவருடைய பங்களா விறாந்தைதான். கொழுந்தை மேசையில் போட்டுக் கையாலேயே உருட்டினார்கள். மண் அடுப்பில் கரி மூட்டி, கம்பித் தட்டுகளில் காயவைத்தார்கள்.

பறித்த கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர். வாட்டி, உருட்டி, நிறம் மாறவிட்டு, கடைசியில் சூடான காற்றில் காயவைக்கும்போது ஈரம் 3 சதவீதம் அளவுக்கு இறங்கும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து வேணும். கறிவேப்பிலை மாறாமல் இருக்கணும் என்று நினைக்கிறோம். தேயிலை மாறித்தான் வாசம் பிடிக்கும். அந்த மாற்றத்தைச் சரியான நேரத்தில் சூடு காட்டி நிறுத்துவதில்தான் திறமை இருக்கிறது. காய்ந்த பிறகும் ஆபத்து தீராது. தேயிலை ஈரத்தையும் பக்கத்திலிருக்கும் மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் உள்ளே ஈயத்தகடு பதித்த மரப்பெட்டிகளில் அடைத்து லண்டனுக்குக் கப்பலேற்றினார்கள்.

சரி, எப்போது நிறுத்தணும் என்று யார் கண்டுபிடித்தது? மீட்டர்கள் வருவதற்கு முன்னால், மூக்கும் கண்ணும் விரலும்தான் கருவி. தமிழ்நாட்டிலிருந்து வந்து தோட்டங்களில் உழைத்தவர்களின் விரல்களும் அவற்றில் உண்டு. 1925இல் கட்டிய ஹந்தானைத் தொழிற்சாலை இன்று தேயிலை அருங்காட்சியகம். அங்கே பழைய இயந்திரங்களைப் பார்க்கலாம். டெய்லருக்கு மஹய்யாவையில் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. மேசையில் கொழுந்து உருட்டியவர்களின் பெயரை எங்கே போய்த் தேடுவது? 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாகவும் ஆக்கியது.

நம்ம வீட்டுப் பெரியவர்கள் ரம்பையையும் கறிவேப்பிலையையும் எப்படிப் பக்குவமாக வைப்பார்கள் என்று கேட்டு எழுதிவைப்போம். கூடவே, தொழிற்சாலையில் யார் யார் வேலை செய்தார்கள், எந்த மணம் வந்ததும் கொழுந்தை அடுப்புக்கு எடுத்தார்கள் என்றும் கேட்போம். எழுதாமல் விட்டால் அந்த அறிவும் திறந்து வைத்த பேணியில் கிடக்கிற இலை மாதிரித்தான்.