கனடாவில் சீன மின்சாரக் கார் இறக்குமதிச் சர்ச்சை

சீனாவில் தயாராகும் மின்சாரக் கார்களை எவ்வளவு வரியில் உள்ளே விடுவது என்ற கேள்வி 2024 முதல் கனடா அரசியலைப் பிளவுபடுத்தி வருகிறது. ஒன்டாரியோவின் கார்த் தொழிலாளர்களும் மேற்குச் சமவெளியில் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த கனோலாவைப் பயிரிடும் விவசாயிகளும் இதில் எதிரெதிராக நிற்க நேர்ந்தது.

2023இல் வான்கூவர் துறைமுகத்தில் வந்திறங்கிய சீனத் தயாரிப்புக் கார்களில் பெரும்பாலானவை டெஸ்லாவின் ஷாங்காய் ஆலையில் உருவானவை. 2024 மே மாதம் அமெரிக்கா சீன மின்சாரக் கார்களுக்கு 100% வரி அறிவித்தது. ஆகஸ்ட் 26 அன்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவும் அதே அளவு கூடுதல் வரியை அறிவித்தார். அக்டோபர் 1 முதல் அது அமலானது. ஏற்கெனவே இருந்த 6.1 சதவீதத்தையும் சேர்த்தால், காரின் விலையைவிட வரி அதிகம்.

சீனாவின் பதிலடி விழுந்தது வயல்களில். 2025 மார்ச்சில் கனோலா எண்ணெய், பிண்ணாக்கு, பட்டாணி ஆகியவற்றுக்கு 100 சதவீதமும், பன்றி இறைச்சி, கடலுணவு ஆகியவற்றுக்கு 25 சதவீதமும் சீனா வரி விதித்தது. ஆகஸ்டில் கனோலா விதைக்கும் இறக்குமதியாளர்கள் கட்ட வேண்டிய 75.8% வைப்புத்தொகை வந்தது. ஒன்டாரியோ ஆலைகளைக் காக்கப் போட்ட வரிக்கு மேற்கிலுள்ள சஸ்காட்செவன் விவசாயி ஏன் விலை கொடுக்க வேண்டும் என்ற குமுறலில் நியாயம் உண்டு.

சீனக் கார்கள் உளவு பார்க்கலாம் என்ற பாதுகாப்பு அச்சமும் வெறும் சாக்கு அல்ல. கேமரா, மைக், இருப்பிடம் காட்டும் கருவி, தொலைவிலிருந்தே மாற்றக்கூடிய மென்பொருள் எல்லாம் இன்றைய காரில் உள்ளன. 2018இல் சீனத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஹுவாவேயின் அதிகாரி மெங் வான்சோ வான்கூவரில் கைதானதும் சீனா இரண்டு கனடியர்களைப் பிடித்து 2021 செப்டம்பர் வரை சிறையில் வைத்திருந்தது. அந்தக் கசப்பு இன்னும் ஆறவில்லை. 2022இல் ஹுவாவே கருவிகளை 5ஜி வலையமைப்பிலிருந்து கனடா விலக்கியது. ஆனால் வரியால் கார்களின் எண்ணிக்கைதான் குறையும். உள்ளே வந்த கார் யாருக்குத் தகவல் அனுப்புகிறது என்பதை வரி கண்காணிக்காது. அதற்கு மென்பொருள் விதிகளே வேண்டும். அமெரிக்கா 2025 ஜனவரியில் அத்தகைய விதியை இறுதி செய்தது.

அதே 2025 ஏப்ரலில் அமெரிக்கா கனடியக் கார்கள் மீதே 25% வரி போட்டது. வாஷிங்டனோடு ஒத்துப்போகவே சீனக் கார்களுக்கு வரி வேண்டும் என்ற வாதம் இதனால் வலுவிழந்தது. 2026 ஜனவரியில் பெய்ஜிங் சென்ற பிரதமர் மார்க் கார்னி, ஆண்டுக்கு 49,000 கார்களை 6.1% வரியில் அனுமதிக்க ஒப்புக்கொண்டார். பதிலுக்குக் கனோலா விதை மீதான மொத்த வரியைச் சுமார் 15 சதவீதமாகக் குறைக்கச் சீனா இசைந்தது. சஸ்காட்செவன் முதல்வர் ஸ்காட் மோ வரவேற்றார்; ஒன்டாரியோ முதல்வர் டக் ஃபோர்டு கடுமையாக எதிர்த்தார். சீனாவோடு உடன்பாடு செய்தால் கனடியப் பொருள்கள் அனைத்துக்கும் 100% வரி என்று அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் மிரட்டியதும், சீனாவுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் செய்யும் எண்ணமில்லை என்று கார்னி விளக்கமளித்தார்.